அறுபத்தோராம் சீட்டு

பள்ளிப்பட்டு ஒன்றிய அலுவலக மாடி.
சீட்டுகள் பறக்குமென்று மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன்.
வியர்த்தபடி வட்டமாகப் பதினான்கு பேர்.

காய்ச்சல் குறைய இங்கே என்ன மாறணும்?
ஒரு வாரம் தெருத்தெருவாகக் கேட்டதில்
எழுபத்திரண்டு சீட்டு.
ட்ரம்முக்கு மூடி வேணும்.
தண்ணி ஒன்பது நாளைக்கு ஒருக்கா வருது.
ஜன்னல் திறந்தா தறியில நூல் அறுது.
புகை வண்டி பெரிய தெருவோட திரும்பிடுது.
நகரியில ரத்தம் பார்த்தா இங்க கணக்குல வராது.

சேர்வதைச் சேர்த்து வையுங்கள் என்றேன்.
எதை வைத்துச் சேர்ப்பது என்றார் தண்ணீர் லாரி கோதண்டம்.
உங்களுக்குத் தோன்றுகிறபடி.
அரசாங்க அறையில் அப்படியொரு வார்த்தையா
என்பதுபோலச் சிரித்தார்.

ரெட்டெம்மாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.
ஒவ்வொன்றாகத் தெலுங்கில் சொன்னேன்.
மூடியைக் கொசுவோடு வைப்பாள் என்றிருந்தேன்.
ஒன்பது நாளோடு வைத்தாள்.
"ராத்திரி ரெண்டு மணிக்கு நீள்ளு வஸ்தே
மூடியைத் தேடுவனா, குடத்தைத் தேடுவனா?"

அறுபத்தோராம் சீட்டில் யோசனையே இல்லை.
பெட்டியில் யாரோ போட்டது, பென்சில், தெலுங்கெழுத்து:
தேஜஸ்வினி. ஏழு வயசு.
நீக்கியிருக்க வேண்டும், விதி அது.
எண் போட்டுவிட்டேன்.

பலர் ஒன்றாக வைத்தவை பக்கத்தில் பக்கத்தில் வரும்;
கணினிக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
தண்ணீர் நேரம், மூடி, தறி ஷிப்டு ஒரே கொத்து.
புகை வண்டி ஒரு மூலையில் தனியே நின்றது,
பட்ஜெட்டில் பாதியைச் சுமந்துகொண்டு.

அந்தப் பெயரை
கோதண்டம் தண்ணீரோடு வைத்திருந்தார்,
டாக்டர் ரத்தப் பரிசோதனையோடு,
வார்டு உறுப்பினர் சாக்கடையோடு.
ரெட்டெம்மா எதனோடும் வைக்கவில்லை,
கவிழ்த்து வைத்தாள்.
எல்லாப் பக்கமும் இழுபட்டு
புள்ளி நட்டநடுவில் நின்றுவிட்டது.

இது எந்தக் கொத்து என்றார் துணை இயக்குநர் ஹேமாவதி.
எதுவும் இல்லை மேடம்.
பேனாவின் முனை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

புகைக்கான பணம் பாதியானது.
அறுநூறு மூடி, தண்ணீர் வரும் நேரத்துக்கு ஒரு பலகை.
நகரிக்கு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை.
கொசுவுக்கு எந்த மாநிலம் என்று
வரைபடமும் சொல்லவில்லை.

நேற்று ரெட்டெம்மா போனில் கேட்டாள்,
ஆ சீட்டு எக்கட?
நடுவுல இருக்கு என்றேன்.
அந்தப் பக்கம் தறிச் சத்தம் மட்டும்.
பிறகு, தண்ணி எப்போ?
வியாழன், காலை ஆறு மணி,
சொல்லியிருக்காங்க.