எண்ணக்கூடாத ஆட்டம்

ஆறு வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில்
ஓட்டங்களை எண்ணக்கூடாது என்பது விதி.
கம்பிவேலியில் பலகை கட்டி
எழுதியே வைத்திருக்கிறார்கள்.
நான் எண்ணுவேன்.
சட்டைப்பையில் சின்ன நோட்டு, அரைப் பென்சில்.

வாரத்தில் ஐந்து நாள்
தானியக் கிடங்கின் எடைமேடையில் வேலை எனக்கு.
சோளம் ஏற்றிய லாரி வரும், நிறுப்பேன்.
கொட்டிவிட்டுத் திரும்பும், மறுபடி நிறுப்பேன்.
கழித்து வருவதுதான் உண்மை.
ஞாயிற்றுக்கிழமை லூத்தரன் சபையில்
காணிக்கை எண்ணுவதும் நான்தான்.
நெப்ராஸ்காவின் இந்த மூலையில்
என் கூட்டல் தப்பென்று ஒருவர் சொன்னதில்லை.

சனிக்கிழமை காலை இந்தப் புழுதியில்தான்
கணக்கு நிற்பதில்லை.
ரப்பர் தண்டின்மேல் பந்து அசையாமல் காத்திருக்கும்.
பையன் மட்டையை வீசுவான்,
தண்டு விழும்,
பந்து அவன் காலடியிலேயே உருளும்,
"ஓடு! ஓடு!" என்று இரு பக்கத்துப் பெற்றோரும் கத்த
அவன் தப்பான திசையில் ஓடுவான்.
பந்தின்மேல் ஒன்பது பேரும் ஒரே குவியல்.
பத்தாவது ஆள் தூரத்தில் நின்று
டேன்டிலியன் பூ ஊதிக்கொண்டிருப்பாள்.
அவள் என் மகள் ப்ரின்லி.
பிடித்த பந்துகள்: பூஜ்யம்.

எல்லாருக்கும் ஒரு வீச்சு உண்டு. அவுட் கிடையாது.
கடைசியாக அடிப்பவன் எப்படி அடித்தாலும்
எல்லாத் தளங்களையும் சுற்றி வந்து
அந்த வெள்ளைப் பலகையை மிதிக்கலாம்.
வீடு என்று அதற்குப் பெயர்.

வேதத்திலும் எனக்குப் பிடிக்காத இடம் ஒன்று உண்டு.
விடியலில் வந்தவனுக்கும்
பொழுது சாய வந்தவனுக்கும்
ஒரே கூலி கொடுத்த தோட்டத்து முதலாளி.
எங்கள் கிடங்கில் அவர் ஒரு வாரம் தாங்கமாட்டார்.

மே மாதக் கடைசி ஆட்டம். நல்ல காற்று.
எதிரணியில் மரிபெல் சொக்;
இறைச்சி ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து
அவள் அப்பா ரப்பர் பூட்ஸோடு வந்து நிற்கிறார்.
அவள் அடித்த பந்து நிஜமாகவே பறந்தது.
பறந்து, குதித்து, உருண்டு,
ப்ரின்லியின் கால்மாட்டில் போய் நின்றது.
நான் எழுந்துவிட்டேன். கையில் பென்சில்.

பந்தை எடுத்தாள் என் மகள். ஓடினாள்.
இரண்டாம் தளம் தாண்டி மரிபெல்லின் ஷூ கழன்று
அவள் புழுதியில் உட்கார்ந்திருந்தாள்.
தொட்டால் போதும்.
ப்ரின்லி பந்தைப் புல்லில் வைத்தாள்,
மண்டியிட்டாள்,
போன வாரம்தான் கற்றுக்கொண்ட முடிச்சை
முயல்காது, முயல்காது என்று முணுமுணுத்து
போட்டாள், அவிழ்த்தாள், திரும்பப் போட்டாள்.
ஒருவரும் கத்தவில்லை.
பிறகு இருவரும் கைகோத்து ஓடி
வீட்டின்மேல் சேர்ந்து குதித்தார்கள்.

அவுட்டா? ஓட்டமா? எந்த அணிக்கு?
நடுவரைப் பார்த்தேன். பதினாறு வயதுப் பையன்.
சூயிங்கம்மை மென்றபடி
"ரெண்டு பேரும் வந்தாச்சு" என்றான்.
இதைத்தான் கிருபை என்கிறார்களோ என்னவோ.
எனக்கு முதலில் விதிமீறலாகத்தான் பட்டது.

ஜெயித்தது யார் என்று பிள்ளைகள் கேட்கவில்லை.
ஆரஞ்சு யார் கொண்டுவந்தது என்று கேட்டார்கள்.

அதே நோட்டின் கடைசிப் பக்கங்களில்
என் தம்பி வெர்லினின் கணக்கு இருக்கிறது.
வேலிச் செலவில் அவன் தராத பாதி.
அம்மாவை அடக்கம் செய்த அன்று
எல்லார் முன்னாலும் அவன் சொன்ன வாக்கியம்,
தேதியோடு.
ஏழு வருஷமாக மைதானத்தின் அந்தப் பக்கம்
மடக்கு நாற்காலியில் இருக்கிறான்,
தொப்பியைக் கண்வரை இறக்கி.

காரில் ஏறியதும் ப்ரின்லி கேட்டாள்:
"அப்பா, பந்து?"

புல்லில் அப்படியே கிடந்தது.
அதை எடுக்க நான் நடந்தேன்.
எதிர்ப்பக்கத்திலிருந்து வெர்லினும் வந்துகொண்டிருந்தான்.
இருவரும் பந்தருகே நின்றோம், காற்றுக்கு முதுகு காட்டி.
"உன் பொண்ணு வச்ச பந்து," என்றான்.
"நீயே எடு."

குனிந்தேன். பையிலிருந்து நோட்டு நழுவிப் புல்லில் விழுந்தது.
அதையும் எடுத்துக்கொண்டேன்,
பொய் சொல்வானேன்.