கூடம் கோணல்

மூன்றாவது முறையாக
மிலென்காவின் சலவைக் கடைக்குப் போகிறேன்.
புன்டா அரீனாஸில் அன்றைக்குக் காற்று,
தெருவோரம் கட்டிய கயிற்றைப் பிடித்துத்தான்
முனை திரும்ப முடிந்தது.

"பில் போடச் சொன்னால்
உட்கார்ந்து யோசிக்கிறது உங்கள் கம்ப்யூட்டர்."
கம்ப்யூட்டர் அவளுடையது.
மக்கர் பண்ணும்போது மட்டும் என்னுடையது.

முதல் தடவை
வழக்கமான சந்தேகங்களை வரிசையில் நிறுத்தினேன்.
ஹார்ட் டிஸ்க் நூறு சதவீதம் வேலையில் என்றது திரை;
நகர்ந்ததோ நொடிக்கு ஒரு மெகாபைட்கூட இல்லை.
வேலை செய்வதாகக் காட்டிக்கொள்ளும் அரசு அலுவலகம்.
"வைரஸ்" என்றான் நிவால்டோ
இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு.
அவனுக்கு எல்லாமே வைரஸ்.
போன மாதம் தாடை வீங்கியபோதும்
சொத்தைப் பல் இல்லையாம், வைரஸ்தானாம்.
தேடினேன். இல்லை.
பின்னால் தானாக ஓடும் நாலைந்தை நிறுத்தினேன்,
தூசி ஊதினேன், தும்மினேன்,
சரியாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பினேன்.

இரண்டாம் தடவை கேபிளை மாற்றினேன்.
பிறகு வட்டைக் கழற்றி
சூடான ரொட்டிபோலத் துணியில் சுற்றி
பட்டறைக்கு எடுத்துப்போய்
ராத்திரி முழுக்க ஒவ்வொரு செக்டராகப் படிக்கவிட்டேன்.
கெட்டுப்போய் இடம் மாறியவை: பூஜ்யம்.
கெடக் காத்திருப்பவை: பூஜ்யம்.
வேகம், கடையில் வாங்கிய அன்று எப்படியோ அப்படி.
மருந்துக்குக்கூட ஒரு குற்றம் இல்லை.

ஆகவே இன்று
என் பையில் புது வட்டு ஒன்று இருக்கிறது.
விலை ஒட்டியே இருக்கிறது.
எதற்கு வம்பு, மாற்றிவிடலாம்,
யாருக்குத் தெரியப் போகிறது.

அவள் மத்தே ஊற்றிக் கொடுத்தாள்.
கம்ப்யூட்டர் தரையில், கல்லாவுக்கு அடியில்,
டாக்டர் எதிரில் காய்ச்சல் இறங்கிய பிள்ளைபோல
கேட்டதை எல்லாம் சட்டென்று கொடுத்தது.
எனக்கே அவமானம்.

அப்போது பின்னறைப் பெரிய இயந்திரம்
பிழிய ஆரம்பித்தது,
தெற்கின் பனிக்கடலிலிருந்து திரும்பிய கப்பல் ஒன்றின்
நூற்று நாற்பது படுக்கை விரிப்பு.
உறிஞ்சும் குழாய் பல்லில் கிணுகிணுத்தது.
கோப்பைப் பச்சையில்
வட்டத்துக்குள் வட்டமாக நடுக்கம்.
திரை
நின்றது.

டிரம் ஓய்ந்தது. பில் வந்தது.
"இன்னொரு தரம் சுற்றவிடுங்கள்."
சுற்றியது. நின்றது.
மண்டியிட்டுப் பெட்டியின் பக்கவாட்டில்
உள்ளங்கையை வைத்தேன்.

உள்ளே நிமிஷத்துக்கு
ஏழாயிரத்து இருநூறு சுற்று.
ஒரு தலைமயிரின் தடிமனில்
பல்லாயிரத்தில் ஒரு பங்கு உயரத்தில் மிதந்தபடி
அந்த ஊசிமுனை
தன் வரியைத் தேடுகிறது, தவறுகிறது,
மறு சுற்றுக்குக் காத்திருக்கிறது,
மறுபடி தேடுகிறது, மறுபடி தவறுகிறது.
ஒரு எழுத்தைக்கூடத் தப்பாகப் படித்துக் கொடுக்கவில்லை.
அதனால்தான் தாமதம்.

ஆடத் தெரியாதவள்
கூடம் கோணல் என்றாளாம்.
சிரித்திருக்கிறேன் எத்தனையோ தரம்.
இங்கே ஆடியது சரியாகத்தான் ஆடியது.
வாயில்லாததால் சொல்லவில்லை,
கூடம்தான் கோணல்.

எட்டு மாதமாக யாரும் கேட்டு வராத
நீலத் துண்டு ஒன்று அலமாரியில் கிடந்தது.
நாலாக மடித்தேன்.
கம்ப்யூட்டரை எதிர்ச்சுவர்ப் பக்கம் நகர்த்தி
அதன்மேல் உட்கார வைத்தேன்.
நிவால்டோ முழு வேகத்தில் டிரம்மை விட்டான்,
ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது,
பில் வந்துகொண்டே இருந்தது.

"அப்படியென்றால் பழுது
என் சலவை இயந்திரத்திலா?"
"ஒரு கால் தரையில் படவில்லை.
அதற்கு வேறு ஆளைப் பாருங்கள்."

அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள்.
இரண்டு தடவை காசு வாங்கியவனை.
பிறகு விசைகளைத் தட்டினாள்.
அடுத்த மூச்சில் அச்சாகி வந்தது:

துண்டு, நீலம், ஒன்று.
உரிமையாளர் வரவில்லை.
எட்டு மாத வாடகையுடன்
என் பெயருக்கு.