நெல் ஆலையில் பதினோரு நாள்

இரவு இரண்டு மணிக்குக் கடல் சுவரைத் தாண்டியது.
மதகுக்காரர் ஃபிரேசர் விசில் ஊதிக்கொண்டே
சைக்கிளில் போனார்.
நான் டிராக்டரை எடுத்தேன்.
வயல் எது ரோடு எது தெரியவில்லை,
மந்திர் வாசலின் மூங்கில் ஜண்டிகளைக்
குறிவைத்து ஓட்டினேன்.

லெகுவான் தீவில் எங்கள் மந்திருக்கு
கோபுரம் கிடையாது, பிரகாரம் கிடையாது,
கருவறை என்று தனியாக ஓர் இருட்டும் இல்லை.
தகரக் கூரை, நீலச் சுவர்,
வடக்குக் கோடியில் முழங்கால் உயர மேடை.
கல்யாண போட்டோவுக்கு நிற்பதுபோல்
எல்லோரும் அதில் ஒரே வரிசை:
கணேஷ், சரஸ்வதி, ராதையும் கிருஷ்ணரும்,
நடுவில் ராமர் வீட்டார்,
பிறகு துர்க்கை, லட்சுமி,
கடைசியில், கதவைப் பார்த்தபடி அனுமன்.

ஜெய்ப்பூரிலிருந்து வைக்கோல் பெட்டிகளில்
கப்பலேறி வந்தவர்கள்.
'தண்ணி இவங்களுக்குப் புதுசா' என்றாள் தன்ராஜி,
கவுனை இடுப்பில் செருகிக்கொண்டு.

பண்டிட் அக்கரையில் மாட்டிக்கொண்டார்.
கணேஷ் முதலில், அதில் சண்டையில்லை.
அப்புறம் கைக்கு எட்டியவர்கள்.
ராமர் ஒரு நடை, சீதை ஒரு நடை.
'மறுபடியுமா' என்றான் டிரெய்லரில் நின்ற பையன்.
யாரும் சிரிக்கவில்லை.
கொஞ்ச தூரம் போனபின் எல்லோரும் சிரித்தோம்.

சிவலிங்கம் மட்டும் வரவில்லை.
மூலைத் தரையில், அப்பா காலத்து சிமென்ட்.
கடப்பாரை போடவா என்று கேட்டேன்.
காய்ச்சல் பார்ப்பதுபோல்
அதன் தலையில் கை வைத்தாள் தன்ராஜி.
தண்ணீர் ஆவுடையைத் தொட்டிருந்தது.
'இவர் இருக்கட்டும்.'

பக்ஷ் தன் ஆலையின் மாடியைத் திறந்துவிட்டார்.
சரஸ்வதி கணக்கு நோட்டுகள் பக்கம்.
லட்சுமி உமி மூட்டைமேல்.
துர்க்கையைச் சிங்கத்தோடு எடைமேடையில் இறக்கினோம்,
முள் நாற்பத்தொன்று காட்டி
அங்கேயே நின்றது.
அனுமனுக்கு ஜன்னல் கிடைத்தது.
இத்தனை வருடத்தில் அன்றுதான்
அவன் கடலைப் பார்த்தான்.

விளக்கேற்றக் கூடாது, உமித்தூசி பற்றிக்கொள்ளும்.
பக்ஷின் டார்ச்சை வாங்கி
முகம் முகமாகச் சுற்றினாள், ஆரத்தி.
முப்பது வருடம் கும்பிட்டும் தெரியாதது
அந்த வெளிச்சத்தில் தெரிந்தது:
லட்சுமணனின் இடது காதில்
மயிர்க்கோடாய் ஒரு விரிசல்.

பதினோராம் நாள் தரை தெரிந்தது.
சேறு அள்ளினோம்.
ஆவுடைக் குழியில் தேங்கிய நீரில்
ஒரு ஹசார் மீன், உயிரோடு.
வாளியில் எடுத்து வாய்க்காலில் விட்டோம்.
அன்று யாரும் மீன் சமைக்கவில்லை.

யார் எங்கே என்று
பண்டிட் வாயெடுக்கும் முன்பே சுவர் சொல்லிவிட்டது.
வெயில் தின்று வெளுத்த நீலத்தில்
அவரவர் முதுகு மறைத்த இடம் மட்டும்
பழைய நீலம்.
வில்லின் வளைவு, எட்டுக் கைகள், ஒரு வால்.
அச்சுக்கு அச்சு நிறுத்தினோம்.

ஓரத்தில் ஒரு திட்டு மிச்சம்.
முழ உயரம், தோள் மாதிரி ஒரு சரிவு.
ஹார்மோனியம் சாய்த்த இடம் என்றார் ஒருவர்.
காலண்டர் என்றார் இன்னொருவர்.
காலண்டருக்கு ஏது தோள்?

பெயின்ட் அடிக்க வேண்டாம் என்றுவிட்டாள் தன்ராஜி.
வெள்ளிக்கிழமை சுவர் துடைக்கும்போது பார்க்கிறேன்,
அங்கே வந்ததும்
துணியை ஒருமுறை பிழிந்துகொள்கிறாள்.