நெடுங்கேணிக்குப் போன கம்பி

நாற்பதாயிரத்தை எண்ணித் தந்துவிட்டு
லான்ட்மாஸ்டரின் சுழட்டுக் கம்பியைக்
கையோடு கொண்டுபோனார் குகநேசன்.
"வேற ஆருக்கும் ஸ்டார்ட் பண்ணிக் காட்டாதேங்கோ அக்கா."
சிரித்தார். நானும் சிரித்தேன்.
சிரிப்புக்குத் துண்டு எழுதுவதில்லை.

காசுக்கு எழுதினோம்.
மகனின் கணக்குக் கொப்பியில் ஒரு தாள்,
ஒரு முத்திரை, இரண்டு கையெழுத்து.
மிச்சம் மூன்று லட்சம் வெள்ளிக்கிழமை.
எந்த வெள்ளி என்று
ஒருவரும் எழுதவில்லை.

முதல் வெள்ளி மழை.
அடுத்த வெள்ளி அவருடைய மச்சானுக்குக் காய்ச்சல்.
மூன்றாம் வெள்ளி
போனில் ஒரு பெண்பிள்ளை
மூன்று மொழியிலும் அவர் இல்லை என்றாள்.

இடையில் முள்ளியவளையில் இருந்து ஒருவர்
முழுக் காசோடு வந்தார்.
டயரை உதைத்தார்,
எண்ணெய்க் கோலை இழுத்து மணந்தார்,
பெட்டியில் ஏறி ஒருக்கால் துள்ளிப் பார்த்தார்.
"ஸ்டார்ட் பண்ணுங்கோ பாப்பம்."
வாக்குக் குடுத்திட்டன் என்றேன்.
கம்பி இல்லை என்று சொல்ல வெட்கம்.
"வாக்கு உழாது தங்கச்சி"
என்றுவிட்டு மோட்டார்சைக்கிளில் ஏறினார்.

நாலாவது வெள்ளிக்கு முதல்
செவ்வாயே வந்தது, குரலாக.
"அக்கா, குறை நினைக்காதேங்கோ.
மதவாச்சியில ஒண்டு மலிவாய் அம்பிட்டுது.
அந்த அச்சாரத்தை..."
அதற்குப் பிறகு
நெடுங்கேணிக் காற்று மட்டும் கேட்டது.

இரவு கணக்குப் பார்த்தேன்.
புது பெல்ட் இரண்டு.
அவருக்காக அடித்த சிவப்புப் பெயின்ட்.
முத்தையன்கட்டு இடதுகரை முழுக்க
உழுது விதைத்து முடித்த பதினெட்டு நாள்,
முற்றத்தில் சும்மா நின்ற பதினெட்டு நாள்.
கூட்டினால் நாற்பதைத் தாண்டியது.
முள்ளியவளைக்காரரை
எந்தப் பக்கத்தில் போடுவதென்று தெரியவில்லை.

"ஒரு சதம் குடாத" என்றாள் பக்கத்துவீட்டு ஞானாம்பிகை.
"முழுக்கக் குடுத்துத் துலை" என்றார் இவர்,
பாதி நித்திரையில்.

இருவருக்கும் தெரியாதது ஒன்று.
மாங்குளத்தில் அருளப்பு அண்ணையின்
மா அரைக்கிற மெசினுக்கு
நானும் இருபத்தையாயிரம் அச்சாரம் கட்டியிருந்தேன்.

விடிய எடுத்தேன்.
"அண்ணை, குறை நினைக்காதேங்கோ."
அதே இழுப்பு. அதே இடத்தில் மூச்சு.
"அந்த அச்சாரத்தை" என்று தொடங்கி
நானும் அங்கேயே நின்றேன்.
அவர் இருமினார்.
கொங்கிறீற்றில் புதைத்த போல்டுகளை அறுத்து
மெசினைக் கழற்றி வெளியில் வைத்துவிட்டாராம்,
எனக்காக.
"பாப்பம் பிள்ளை."
பாப்பம் என்பது எத்தனை ரூபாய் என்று
எந்த வங்கியிலும் சொல்லமாட்டார்கள்.

பிறகு நெடுங்கேணிக்கு எடுத்தேன்.
கம்பியை பஸ்ஸில போட்டுவிடுங்கோ,
இருபத்தஞ்சு தருவன், பதினைஞ்சு என்ர.
பொலிஸ் என்றார். பிள்ளையார் என்றார்.
துண்டில திகதி இல்லை என்றேன்,
உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு பஸ் நேரத்தைக் கேட்டார்.

ஒட்டுசுட்டான் சந்தி.
முல்லைத்தீவு பஸ்ஸின் மிதிபலகையில் இருந்து
கண்டக்டர் உரப்பையை நீட்டினான்.
"என்னக்கா, ஆருக்கு அடிக்க?"
காசை நீட்டினேன்.
"திரும்பி வரேக்க தாங்கோ" என்று
விசில் ஊதிவிட்டான்.

மதகில் குந்தி உரப்பையைப் பிரித்தேன்.
பேப்பர். அதற்குள் பழைய சாரத் துண்டு.
அதற்குள் கம்பி.
துரு இல்லை.
எண்ணெய் பூசி வைத்திருந்திருக்கிறார்,
பாவி.

பஸ் திரும்பிவர இன்னும் இரண்டு மணித்தியாலம்.
கடித உறையை ஒருக்கால் திறந்தேன், மூடினேன்.
ஞானாம்பிகையின் மேட்டுத்துண்டு
இன்னும் உழாமல் கிடக்குதென்று கேள்வி.
பிந்திய உழவு.
ஏக்கருக்கு எவ்வளவு கேட்கலாம்.