ஓட்டெண்ணெய்

மோனாப்போவில் மழை பிந்திய வருடம்
பெட்டியைத் திறந்தேன்.
மூடி இருந்தது, பூட்டு இருந்தது, கீல்கூட இருந்தது.
பிறப்புச் சான்றிதழ் இருந்த இடத்தில்
ஈரமண்ணில் ஒரு குழாய்
அடிப்பலகையைத் துளைத்துச் சுவரேறிப் போயிருந்தது.
என் பெயரில் மிஞ்சியது
முத்திரையின் கால்வட்டம்.

பதிவு அலுவலகத்துப் பையன் நல்லவன்.
காகிதம் போனால் போகட்டும்,
விரல் இருக்கிறதே அம்மா என்றான்.
கண்ணாடியில் வைத்தேன்.
பச்சை விளக்கு யோசித்தது, சிவந்தது.
துடைத்துவிட்டு வையுங்கள்.
எச்சில் தொட்டு, கப்புலானா முனையில் தேய்த்து,
வலக்கை, இடக்கை,
பத்தும் வைத்தாயிற்று.
பதினோராவது கேட்பான் போலிருந்தது.

பத்தொன்பது வருடம் முந்திரி உடைத்தவள் நான்.
பருப்பு முழுசாய் வரவேண்டும்,
உடைந்தால் கூலியும் உடையும்.
ஓட்டுக்குள் இருக்கும் கறுப்பு எண்ணெய்
சாம்பல் பூசிய கையையும் விடாது.
முதலில் கொப்புளம்.
பிறகு உரியும்.
பிறகு வெறும் வழவழப்பு,
ஆற்றில் கிடந்த கல்லைப்போல.

ஆலைக்குப் பின்னால் ஓடுகள் குவிந்து கிடக்கும்.
அந்தப் பக்கம் ஒரு கரையான் புற்றும் இல்லை.
தினம் அதைத் தாண்டித்தான் ஒதுங்கப் போவோம்,
ஒருத்தியும் நின்று பார்த்ததில்லை.
பார்த்தவன் கொதிகலன்காரன் சுவாலே.
வேலிமுளைகளில் எண்ணெய் பூசி நட்டான்,
தீர்ந்துபோனதால் கடைசி மூன்றைப் பூசாமல் நட்டான்.
அந்த மூன்றும் இப்போது தூள்.
ஆடு அந்த வழியாகத்தான் போகிறது.

ஒரு படி மரவள்ளி மாவுக்கு ஒரு டின் கொடுத்தான்.

பெட்டியைக் கவிழ்த்து
கால்கள் நான்கிலும், அடியிலும், மூலைகளிலும்
கோழியிறகால் இழுத்தேன்.
மரம் தாகமாய் இருந்திருக்கிறது.
கையில் பை மாட்டிக்கொள் என்றாள் அடுத்த வீட்டு லூர்தெஸ்.
எதைக் காப்பாற்ற என்று சிரித்தேன்.
என்ன இது என்று மகள் நெய்மா
விரலை நீட்டிக்கொண்டு வந்தாள்.
அடித்தேன்.
நான் அடித்த சத்தம் எனக்கே புதிது.
அழுதபடி அவள் தூக்கிக் காட்டிய உள்ளங்கையில்
ஒவ்வொரு நுனியிலும் சுழி சுழியாய்
இன்னும் யாரும் படிக்காத எழுத்து.

மூன்று நாள் வெயிலில் காய்ந்தது பெட்டி.
நாற்றம் போகவில்லை, என்மேல் அடிக்கும் அதே நாற்றம்.
நேற்று ராத்திரி
சுவரோரம் புதுமண் குழாய் ஒன்று
பெட்டிக் கால்வரை வந்து
வளைந்து திரும்பியிருக்கிறது.

கரையானுக்கு என்னைத் தெரிகிறது.
அரசாங்கத்துக்கு இரண்டு சாட்சி வேண்டுமாம்.
சுவாலே வருகிறேன் என்றான்,
லூர்தெஸும் வருவாள்.
அவள் விரலும் என் விரல்தான்,
அதை யோசிக்காமல் சரி என்றுவிட்டேன்.
செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறான் பையன்.
அவன் தந்த துண்டுச்சீட்டு
பெட்டிக்குள் தனியாக இருக்கிறது.