எட்டாம் இலக்கம்

கல்முனை டிப்போவில் நான் நேரக் காப்பாளன்.
பஸ் வெளிக்கிடும் நிமிசத்தைப் புத்தகத்தில் எழுதுவேன்.
ஞாயிறுகளில் கணினி வகுப்புக்குப் போனதில்
சின்னதாய் ஒரு புரோகிராம் எழுதவும் தெரியும்.

கொழும்பு ராத்திரி பஸ்ஸுக்கு
ஒருத்தரும் தானாகப் போகமாட்டார்கள்.
பன்னிரண்டு கண்டக்டர்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம்
ஒரு இலக்கம் எடுத்துத் தரச் சொன்னேன் மெஷினிடம்.
எட்டு என்றது.
எட்டு ஆதம்பாவா. பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அடுத்த வெள்ளியும் எட்டு.
"மறுகா நானா?" என்று சிரித்தார்.
மூன்றாம் வெள்ளி சிரிக்கவில்லை.
"சனியன்ட நம்பர்" என்றான் புவிராசன், ரோல்ஸைக் கடித்தபடி.
மற்றவர்கள் மெஷினைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தார்கள்.

ராத்திரி முழுக்க ஓட்டிப் பார்த்தேன்.
நிறுத்தித் தொடங்கினால் எட்டு.
நிறுத்தித் தொடங்கினால் எட்டு.
குலுக்கல் என்று நான் நம்பினது
அச்சடித்த நேரசூசி;
எப்போது எழுப்பினாலும்
முதல் தரிப்பிலிருந்தே புறப்படுகிறது.
நாம் விதை கொடுக்காவிட்டால்
ஒன்று என்பதை விதையாக அதுவே எடுத்துக்கொள்ளுமாம்.

விதைக்கு நேரத்தைக் கொடு என்றிருந்தது பாடக்குறிப்பில்.
நேரமா? அது என் தொழிலல்லவா.
கொடுத்தேன், லூப்புக்கு உள்ளே, ஒவ்வொரு தடவையும்.
பன்னிரண்டு வாரத்துக்கு ஒன்றாகக் கேட்டேன்:
மூன்று மூன்று மூன்று மூன்று
கடைசிவரை மூன்று.
ஒரு செக்கன்தான் போயிருக்கும்.
அதற்குள் இங்கே ஒரு பஸ்ஸின் கதவுகூட மூடாது.
அது பன்னிரண்டு முறை அதே செக்கனைப் பார்த்து
பன்னிரண்டு முறை முதலிலிருந்து தொடங்கிவிட்டது.
சம்மாந்துறை வட்டையில் எவனாவது
விதைத்த கையோடு கிண்டிவிட்டு
மறுகாவும் விதைப்பானா?

அந்த ஒரு வரியை வெட்டி
லூப்புக்கு வெளியே, மேலே,
ஒரே ஒரு தடவை வைத்தேன்.
பதினொன்று. இரண்டு. ஒன்பது. இரண்டு.
அந்த இரண்டாவது இரண்டு எனக்குப் பிடித்திருந்தது.

வெள்ளி. எல்லாரையும் கூப்பிட்டுத்
திரையைத் திருப்பி வைத்தேன்.
ஆதம்பாவாவையே அமத்தச் சொன்னேன்.
பின்னேரம் ஐந்து பதினேழு, செக்கன் நாற்பத்தொன்று.
புத்தகத்தில் எழுதியும் வைத்திருக்கிறேன்.
எட்டு.

ஒருத்தரும் பேசவில்லை.
இந்த எட்டு அந்த எட்டில்லை என்று
எப்படிச் சொல்வது, யாருக்கு?
ஆதம்பாவா தன் விரலைப் பார்த்தார்.
"இண்டைக்கு நான்தானே அமத்தின" என்றார்,
பையைத் தேடினார்.