இரண்டு தடவை வந்த இரண்டு மணி

ட்ரொன்ஹைமில் அக்டோபர் கடைசி ஞாயிறு
விடிகாலை மூன்று அடிக்கும்போது
கடிகாரங்கள் ஒரு மணிநேரம் பின்னால் போகும்.
குளிர்காலத்துக்காக ஊரே கூடிச் சொல்லும் சின்னப் பொய்.
நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.
இருபத்தைந்து டிகிரிப் பெட்டிக்குள்
பதினேழாம் எண் செல் விழித்திருந்தது,
சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும்,
சொட்டுச் சொட்டாக மின்சாரம் குடித்தபடி.

திங்கட்கிழமை கணக்கு உதைத்தது.
வாங்கியதைவிட அதிகம் தந்திருந்தது செல்.
நூறுக்கு நூற்றைந்து.
எந்த மின்கலமும் அப்படித் தராது.
ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலிலும்
கொஞ்சம் அதன் கையில் ஒட்டிக்கொள்ளும்;
அதற்கு வயதாவதே அப்படித்தான்.
ஹால்டிஸ் மூன்று முறை சரிபார்த்தாள்.
புது உப்பு, புதுக் கரைசல், அதனால்தான் என்றாள்
யாரோ ஒட்டுக்கேட்பதுபோல் குரலைத் தாழ்த்தி.
கட்டுரைக்குத் தலைப்புகூட யோசித்துவிட்டேன்.
என்ன தலைப்பு என்று சொல்லமாட்டேன்.

என் நிரலை அந்த வசந்தத்திலேயே
பொதுவில் வைத்திருந்தேன்.
பெரிய காரியம் ஒன்றுமில்லை.
நான்கு கம்பெனி இயந்திரங்கள்
நான்கு விதமாகக் கக்கும் கோப்புகளை
ஒரே அட்டவணையாக்கும் எண்ணூறு வரிகள்.
ஏற்றும் மின்னோட்டத்துக்கு ஒருவன் கூட்டல் குறி போட்டால்
அடுத்தவன் கழித்தல் போடுவான்;
அந்த வழக்குக்கு ஒரு பஞ்சாயத்து.
எடுத்துக்கொள், திருத்து, பிறருக்கும் கொடு,
கெட்டுப்போனால் என்னைக் கேட்காதே
என்றது உரிமம்.
கூச்சமாகத்தான் இருந்தது,
அழுக்குத் துணியை நடுத்தெருவில் உலர்த்துவதுபோல.
ஒரு மாறிக்கு என் பூனையின் பெயர்.

நவம்பரில், மாதிரிக்கு இருக்கட்டுமென்று
பதினேழாம் செல்லின் கோப்பையும் அதில் சேர்த்தேன்.
பெருமைதான், வேறென்ன.

ஒன்பதாம் நாள்
பொலிவியாவில் ஒரூரோவிலிருந்து
நில்டா கோல்கே எழுதினாள்.
அவளிடம் இருப்பது மூன்று வாய் இயந்திரம்,
அதில் ஒரு வாய் ஊமை.
உடைத்துப்போட்ட மின்பைக்குகளின் செல்களில்
எதற்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று
பொறுக்கி எடுப்பது வேலை.

"எங்கள் ஊரில் கடிகாரம் பின்னால் போகாது.
உங்கள் ஊரில் போகுமாமே?
உங்கள் கோப்பில் ஞாயிறன்று
இரண்டு மணி இரண்டு தடவை வருகிறது.
காலம் பின்னால் போனதாக நினைத்து
செல் குடித்ததில் ஒரு மணிநேரத்தை
உங்கள் நிரல் கழித்துவிட்டது.
அது பாவம், அளவாகத்தான் தந்தது."

கூடவே ஏழு வரிகள்.
பூனையின் பெயரை அவள் மாற்றவில்லை.

ஓட்டிப் பார்த்தேன்.
தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு.
ஊரில் எல்லாச் செல்களையும்போல ஒரு செல்.

அரை நாள் அவள்மேல் கோபமாக இருந்தேன்.
இழுப்பறையிலேயே வைத்திருந்தால்
கட்டுரை வந்திருக்கும்,
கைதட்டியிருப்பார்கள்,
எங்கோ ஒருவர் அந்த உப்பை வாங்கி
இரண்டு வருடம் காய்ச்சியிருப்பார்.
ஹால்டிஸ் ஜன்னலோரம் போய்
நீதெல்வா ஆற்றைச் சற்று நேரம் பார்த்தாள்.
ஓரங்களில் பனிக்கட்டி கட்டத் தொடங்கியிருந்தது.
"ஏழு வரியையும் சேர்த்துவிடு," என்றாள்,
"அவள் பெயரோடு."

சேர்த்தேன். நன்றி எழுதினேன்.
ஒரே வரியில் பதில் வந்தது:
"மார்ச்சில் உங்களுக்கு ஒரு மணி காணாமல் போகுமாமே,
அதைப் பார்த்தாயா?"

இன்னும் பார்க்கவில்லை.
பெட்டிக்குள் பதினேழு குடித்துக்கொண்டிருக்கிறது.